நதியை மரத்தால் தாண்டிய தச்சர்

சாதாரண தரப் பரீட்சை முடிந்த விடுமுறையில் பதுளையிலுள்ள சாச்சி வீட்டுக்குப் போயிருந்தோம். ஒருநாள் சாச்சா எங்கள் எல்லோரையும் வேனில் ஏற்றிக்கொண்டு, ஹாலிஎலைக்கு அப்பாலுள்ள போகொட மரப்பாலத்தைக் காட்டக் கூட்டிச் சென்றார். பழைய விகாரையொன்றின் அருகே, பள்ளத்தில் ஓடும் ஓடையின் மேல், மரத்தால் கட்டப்பட்டு ஓடு வேயப்பட்ட பாலம் அது. ஒரு சின்ன வீடு நடந்து வந்து தண்ணீரின் மேல் நின்றுவிட்டது போல இருந்தது. பாலத்துக்கு எதற்குக் கூரை என்று தம்பி கேட்டான். மழைக்கு ஒதுங்கத்தான் என்றார் சாச்சா. எல்லோரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன்.

அந்தப் பதில் பாதிதான் சரி என்பது எனக்குத் தெரிய ஒரு வருடம் சென்றது.

உயர்தரத்தில் நான் கணிதப் பிரிவைத் தெரிவு செய்தேன். இணைந்த கணிதத்தில் சட்டப்படல் என்று ஒரு பாடம் வரும். இலேசான கோல்கள் சிலவற்றை முனைகளில் மூட்டி, ஓரிடத்தில் நிறையைத் தொங்கவிட்டு, ஒவ்வொரு கோலிலும் உள்ள தகைப்பு இழுவையா உதைப்பா என்று கேட்பார்கள். முதலாம் தவணைப் பரீட்சையில் இரண்டையும் மாற்றி எழுதிப் புள்ளிகளை இழந்தேன். அந்தக் கோல்கள் எனக்கு வெறும் கோடுகளாகவே இருந்தன. உண்மையான சட்டப்படல் எப்படி இருக்கும் என்று அறிய, நூலகத்தில் பாலங்கள் பற்றிய ஒரு தடித்த நூலைப் புரட்டினேன். அதில் போகொட பாலத்தைப் போலவே கூரை போட்ட, ஆனால் அதைவிடப் பன்மடங்கு பெரிய ஒரு மரப்பாலத்தின் வரைபடம் இருந்தது. அதன் கீழே ஹான்ஸ் உல்ரிஹ் குரூபன்மான் என்ற பெயர் இருந்தது. அன்றிலிருந்து அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். என் தோழிகளுக்கும் அவரை அறிமுகப்படுத்தவே இதை எழுதுகிறேன்.

குரூபன்மான் 1709ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் கிழக்கே, அப்பென்செல் மலைப்பகுதியிலுள்ள டொய்பென் என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய தந்தையும் தச்சர்தான். ஜேகப், ஜொஹானஸ் என்ற சகோதரர்களும் அதே தொழிலில் வளர்ந்தார்கள். அது மேடும் பள்ளமுமான நிலம். ஆறுகள் ஆழமான பள்ளத்தாக்குகளை அறுத்துக்கொண்டு ஓடும். குளிர்காலத்தில் கூரைகள் பனியின் பாரத்தைச் சுமக்க வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் பலமான கூரையும் உறுதியான பாலமும் இல்லாமல் வாழ முடியாது. அங்கே ஒரு தச்சனின் மகன் கற்க வேண்டியவை நிறைய இருந்தன.

ஆனால் அவர் எந்தக் கல்லூரியிலும் கணிதமோ இயக்கவியலோ கற்றவர் அல்லர். நாங்கள் இன்று தாளில் போடும் தகைப்பு வரிப்படம் அந்தக் காலத்தில் உலகத்தில் எவருக்குமே தெரியாது. ஒரு மரச்சட்டத்தின் ஒவ்வொரு கோலிலும் எவ்வளவு விசை இருக்கிறது என்று முறையாகக் கணிக்கும் வழி அடுத்த நூற்றாண்டில்தான் வந்தது. குரூபன்மானிடம் இருந்தவை தந்தையிடம் கற்ற தொழிலும், கை அனுபவமும், மாதிரி செய்து பார்க்கும் பழக்கமும்தான்.

1743இல் பிஷொஃப்ஸெல் என்ற நகரத்தின் பெரும்பகுதி தீயில் அழிந்தது. அதை மீளக் கட்டியெழுப்பியவர்களில் குரூபன்மான் சகோதரர்கள் முக்கியமானவர்கள். இன்றும் அந்த நகரத்தில் அவர்கள் கட்டிய வீடுகள் இருக்கின்றன. தேவாலயங்களையும் அவர்கள் கட்டினார்கள். சூரிச் ஏரிக்கரையிலுள்ள வேடன்ஸ்வில் தேவாலயத்தை ஹான்ஸ் உல்ரிஹ் 1764 முதல் 1767 வரை கட்டினார். அந்த விசாலமான மண்டபத்தின் நடுவே ஒரு தூண்கூட இல்லை. பள்ளிவாசலில் ஸப்பு நடுவே தூண் குறுக்கிடும்போது எங்களுக்கே அது சங்கடமாக இருக்கும் அல்லவா? எல்லோரும் ஒரே இடத்தைப் பார்த்து இருந்து கேட்க வேண்டிய மண்டபத்தில் தூண் இல்லாதது எவ்வளவு பெரிய வசதி! அந்தப் பெரிய கூரையின் பாரம் முழுவதையும் மேலே மறைந்திருக்கும் மரச்சட்டங்கள் சுவர்களுக்குக் கொண்டு சேர்க்கின்றன.

தூண் இல்லாமல் மண்டபத்தைக் கடக்கத் தெரிந்தவருக்கு, தூண் இல்லாமல் ஆற்றைக் கடக்கவும் மனம் வரும். கூரையும் பாலமும் ஒரே கணக்கின் இரண்டு வடிவங்கள்தான்.

இங்கே தம்பியின் கேள்விக்குத் திரும்ப வேண்டும். பாலத்துக்கு எதற்குக் கூரை? மழைக்கு ஒதுங்க வேண்டியவர்கள் மனிதர்கள் மட்டுமல்லர், மரமும்தான். எப்போதும் உலர்ந்திருக்கும் மரம் நூற்றாண்டுகள் நிற்கும். நனைவதும் காய்வதுமாக இருக்கும் மரமோ மூட்டுகளில் நீர் தங்கிச் சில வருடங்களிலேயே உக்கத் தொடங்கும். பாலத்தின் உயிர் அதன் மூட்டுகளில்தான் இருக்கிறது. அதனால்தான் மரப்பாலத் தச்சர்கள் பாரத்தைச் சுமக்கும் சட்டங்களை இரு பக்கங்களிலும் நிறுத்தி, பலகையால் மறைத்து, மேலே கூரையையும் போட்டார்கள். மனிதர்களுக்குக் கிடைத்தது அதன் மேலதிக நன்மை.

இனி ஷாஃப்ஹவுசன் கதைக்கு வருவோம். ஷாஃப்ஹவுசன் றைன் நதிக்கரையிலுள்ள வணிக நகரம். அதற்குச் சற்றுக் கீழே றைன் நீர்வீழ்ச்சி இருப்பதால், படகில் வரும் பொருட்களை அந்நகரத்தில் இறக்கித்தான் கொண்டுசெல்ல வேண்டும். ஆகவே அங்கே பாலம் மிக முக்கியம். 1754இல் அங்கிருந்த பழைய கற்பாலம் இடிந்து விழுந்தது. நதியின் நடுவே அதன் ஒரு தூண் மட்டும் பயன்படுத்தக்கூடிய நிலையில் எஞ்சியது.

புதிய பாலம் கட்ட ஆள் தேடிய நகரத்தாரிடம் குரூபன்மான் ஒரு மாதிரியோடு போனார். அது ஒரே தாவலில் நதியைத் தாண்டும் மரப்பாலம். நடுவில் தூண் கிடையாது. கரைக்குக் கரை ஏறத்தாழ 119 மீற்றர். நாங்கள் ஓடும் நூறு மீற்றர் ஓட்டத்தை விட நீளமான மரப்பாலத்தை, இரு கரைகளை மட்டும் நம்பி நிறுத்தலாம் என்றார் அந்தத் தச்சர். நகரசபையினர் நம்பத் தயங்கியபோது, அவர் தன் மாதிரியின் மேலேயே ஏறி நின்று காட்டினார் என்று ஒரு கதை வழங்குகிறது. மாதிரி உடையவில்லை. அந்த மாதிரி இன்றும் ஷாஃப்ஹவுசன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆனாலும் நகரசபை இணங்கவில்லை. நடுவில் நிற்கும் பழைய தூணையும் பயன்படுத்தித்தான் பாலம் கட்ட வேண்டும் என்று முடிவு செய்தது.

இந்த இடத்தை வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது. அதற்கு என் சொந்தக் காரணமும் ஒன்று இருந்தது.

எங்கள் ஊரில் இணைந்த கணிதத்துக்கு மேலதிக வகுப்பு இல்லை. சனிக்கிழமை தோறும் ஒரு மணித்தியாலம் பஸ்ஸில் நகரத்துக்குப் போக வேண்டும். கலைப் பிரிவு எடுத்தால் ஊரிலேயே படித்து ஆசிரியையாகலாமே என்று குடும்பத்தில் பலர் சொன்னார்கள். சாதாரண தரத்தில் கணிதத்துக்கு ஏ எடுத்த என்னால் இதையும் செய்ய முடியும் என்று நான் வாப்பாவிடம் வாதாடினேன். வாப்பா ஒரு வாரம் யோசித்தார். பிறகு சம்மதித்தார். ஆனால் ஒரு நிபந்தனை. உம்மாவும் என்னோடு வர வேண்டும், வகுப்பு முடியும் வரை அங்கேயே இருக்க வேண்டும். அப்படியே ஒவ்வொரு சனிக்கிழமையும் உம்மா வருகிறார். வகுப்புக்கு வெளியே வாங்கில் தஸ்பீஹும் கையுமாக நான்கு மணித்தியாலம் இருக்கிறார். மற்றப் பிள்ளைகள் தனியாக வந்து போவார்கள். எனக்கு வெட்கமாக இருக்கும். என் பாலத்தின் நடுவிலும் ஒரு தூணை வைத்துவிட்டார்களே என்று குரூபன்மானோடு சேர்ந்து நானும் மனம் வருந்தினேன்.

அந்தக் கோபத்தோடுதான் மேலும் வாசித்தேன். வாசித்தபோது நகரசபையின் தயக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது என்று தெரிந்தது.

மாதிரி ஒன்று பாரத்தைத் தாங்கினால் அதே வடிவத்தில் கட்டும் பெரிய பாலமும் தாங்கும் என்று நாம் நினைப்போம். அது தவறு. ஒரு பாலம் அதன் மாதிரியைப் போலப் பத்து மடங்கு நீளமும் அகலமும் உயரமும் கொண்டது என்று வைத்துக்கொள்வோம். அதன் கனவளவு ஆயிரம் மடங்காகும். ஆகவே நிறையும் ஆயிரம் மடங்கு. ஆனால் அந்த நிறையைத் தாங்கும் மரத்தின் குறுக்குவெட்டுப் பரப்பு நூறு மடங்குதான் கூடும். அப்படியானால் மரத்தின் ஒவ்வொரு சதுர அங்குலமும் தன் சொந்த நிறையால் மட்டுமே பத்து மடங்கு அதிகமாக வருந்த வேண்டும். இதைக் கலிலியோ 1638இலேயே எழுதிவிட்டார். குரூபன்மானின் நாட்டிலேயே, அவருக்கு இரண்டு வருடங்கள் முன்னர் பேசல் நகரில் பிறந்த மாபெரும் கணித மேதை ஒயிலர், ஒரு பாலத்தின் மாதிரி தாங்கும் பாரத்திலிருந்து உண்மையான பாலத்தின் பலத்தை எப்படி மதிப்பிடுவது என்று 1776இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அப்போது அவர் ரஷ்யாவில், கண் பார்வையை இழந்த நிலையில் வாழ்ந்துகொண்டிருந்தார். ஒயிலரும் குரூபன்மானும் இறந்தது ஒரே ஆண்டில், 1783இல். ஒருவரிடம் கணக்கு இருந்தது. மற்றவரிடம் கை இருந்தது.

சிறியதில் நின்றது பெரியதிலும் நிற்குமா என்று கேட்பது அவநம்பிக்கை அல்ல. சாதாரண தரத்தில் நான் எடுத்த ஏ ஒரு மாதிரி மட்டும்தான். உயர்தரம் நதி. முதலாம் தவணைப் பரீட்சையிலேயே அது எனக்குத் தெரிந்துவிட்டது. வாப்பா ஒரு வாரம் யோசித்ததன் பொருளும் அப்போதுதான் புரிந்தது.

குரூபன்மான் நகரசபை சொன்னபடி நடுத்தூணையும் சேர்த்தே பாலத்தைக் கட்டினார். 1758இல் வேலை முடிந்தது. இரண்டு தாவல்கள். ஒன்று சுமார் 52 மீற்றர், மற்றது சுமார் 59 மீற்றர். பழைய தூண் இரு கரைகளுக்கும் நேர்கோட்டில் இருக்கவில்லை. ஆகவே பாலம் நடுவில் ஆற்றின் ஓட்டத்துப் பக்கமாகச் சற்று வளைந்தே போனது.

அதன் அமைப்பை எளிமையாகச் சொல்கிறேன். நான்கு கோல்களை மூட்டி ஒரு சதுரம் செய்தால், தள்ளும்போது அது சரிந்துவிடும். மூன்று கோல்களை மூட்டி முக்கோணம் செய்தால், கோல் முறியாமல் வடிவம் மாறாது. கரையிலிருந்து சாய்வாக எழும் உதைகால்கள் மேலே ஒரு உத்தரத்தைத் தாங்கும். அங்கிருந்து கீழ்நோக்கி மரக்கால்கள் இறங்கி, வண்டிகள் போகும் தளத்தைப் பிடித்துக்கொள்ளும். இந்த மரக்கால்களைப் பார்த்தால் அவைதான் கீழேயிருந்து பாரத்தைச் சுமக்கின்றன என்று தோன்றும். உண்மையில் அவை மேலேயிருந்து தொங்குகின்றன. தளத்தைத் தூக்கிப் பிடித்திருக்கின்றன. ஆகவே அவற்றில் இருப்பது இழுவை. சாய்ந்து நிற்கும் உதைகால்களில் இருப்பது உதைப்பு. அந்த வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பரீட்சையில் நான் விட்ட பிழை தானாகவே விளங்கியது. கோல் நிமிர்ந்து நிற்கிறதா சாய்ந்து நிற்கிறதா என்பதைக் கொண்டு முடிவு செய்யக்கூடாது. அதை எடுத்துவிட்டால் அதன் இரு முனைகளும் விலகுமா நெருங்குமா என்று கேட்க வேண்டும். விலகினால் அந்தக் கோலில் இருந்தது இழுவை, நெருங்கினால் உதைப்பு. அதன் பின் நான் அந்தப் பிழையை விடவில்லை.

1770களில் வில்லியம் கொக்ஸ் என்ற ஆங்கிலப் பயணி அந்தப் பாலத்தைப் பார்த்து வியந்து எழுதினார். ஒருவர் தனியாக நடந்தாலே பாலம் காலடியில் அதிர்வது தெரியும், ஆனால் பாரம் ஏற்றிய வண்டிகள் எந்த ஆபத்துமின்றிக் கடந்து போகும் என்று அவர் வியந்தார். இதைக் கட்டியவர் கோட்பாடு எதுவும் அறியாத ஒரு சாதாரணத் தச்சர் என்பது அவருக்கு இன்னும் பெரிய வியப்பு. ஊரில் இன்னொரு பேச்சும் இருந்தது. சபையின் கட்டளைக்காகத் தூணுக்கு மேலாகப் பாலத்தைக் கொண்டுபோனாலும், பாலம் உண்மையில் அந்தத் தூணில் தங்கி நிற்கிறதா இல்லையா என்பதைக் குரூபன்மான் சந்தேகமாகவே விட்டுவிட்டார் என்பதே அந்தப் பேச்சு.

அவர் அத்தோடு நிற்கவில்லை. சில வருடங்களின் பின் வெட்டிங்கன் மடாலயத்தார் லிம்மாட் ஆற்றின் மேல் ஒரு பாலம் கட்ட அவரை அழைத்தார்கள். 1760களின் நடுப்பகுதியில் அவர் அங்கே கட்டிய பாலத்துக்கு நடுத்தூண் இல்லை. கரைக்குக் கரை சுமார் 61 மீற்றர். இம்முறை அவர் சாய்ந்த உதைகால்களை மட்டும் நம்பவில்லை. ஓக் மர உத்தரங்களை ஏழு அடுக்காக ஒன்றின் மேல் ஒன்று வைத்து, வழுக்காதபடி பற்கள் போல வெட்டிப் பொருத்தி, இரும்பால் இறுக்கி, ஒரு பெரிய வளைவாக்கினார். ஷாஃப்ஹவுசனில் கிடைக்காத வாய்ப்பு அவருக்கு வெட்டிங்கனில் கிடைத்தது. அளவு பாதிதான். ஆனால் அது முழுக்க முழுக்க அவருடைய எண்ணம்.

முதுமையிலும் அவர் உளியைக் கீழே வைக்கவில்லை. தன் சொந்த ஊரான டொய்பெனின் தேவாலயத்தை 1776 தொடக்கம் 1778 வரை கட்டினார். ஹெரிசாவுக்கு அருகே ஊர்நேஷ் ஆற்றின் மேல் குபெல் என்னுமிடத்தில் 1780இல் ஒரு சிறிய மரப்பாலத்தைக் கட்டினார். 1783இல் தான் பிறந்த ஊரிலேயே காலமானார்.

அவர் இறந்து 16 வருடங்களின் பின், 1799இல், பிரெஞ்சுப் படை ஷாஃப்ஹவுசன் பாலத்தையும் வெட்டிங்கன் பாலத்தையும் தீயிட்டு அழித்தது. அவர் சகோதரர் ஜொஹானஸ் ரைஹெனாவில் கட்டிய பாலமும் அந்த ஆண்டிலேயே எரிந்தது. எதிரியின் படை கடந்து வராமலிருக்கப் பாலத்தை அழிப்பது போரின் வழக்கம். எங்கள் நாட்டிலும் போர்க்காலத்தில் பாலங்கள் தகர்க்கப்பட்டதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். நான்கு பத்தாண்டுகளாக மழையும் பனியும் பாரவண்டிகளும் செய்ய முடியாததை ஒரு நெருப்பு செய்து முடித்தது.

ஆனால் பாலம் எரிந்தாலும் அதன் அறிவு எரியவில்லை. இங்கிலாந்தின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஜோன் சோன் தன் இளமைப் பயணத்தில் அந்தப் பாலங்களைப் பார்த்து வரைந்து வைத்திருந்தார். எரிந்துபோன மூன்று பாலங்களின் வரைபடங்களையும் கிறிஸ்டியன் வொன் மெஹெல் என்பவர் 1803இல் பேசல் நகரில் அச்சிட்டு வெளியிட்டார். 1940களின் தொடக்கத்தில் ஜோசப் கில்லர் என்ற பொறியியலாளர் குரூபன்மான் குடும்பத்தின் கட்டுமானங்களை ஆராய்ந்து, சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்ட ஆய்வாக எழுதினார். பள்ளிக்கூடக் கணிதம் படிக்காத ஒரு தச்சரின் வேலை, ஒன்றரை நூற்றாண்டின் பின் பல்கலைக்கழகத்தில் பாடமானது. டொய்பெனில் இன்று அவர் பெயரில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. குபெலில் அவர் கட்டிய சிறிய பாலம் கூரையோடு இன்னும் நிற்கிறது.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிந்து திரும்பும்போது, பஸ்ஸில் உம்மாவுக்கு இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். றைன், லிம்மாட் என்ற பெயர்களெல்லாம் உம்மாவுக்குப் புதிது. ஆனாலும் கவனமாகக் கேட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்த நடுத்தூண் பாலத்துக்கு உதவியதா இல்லையா?

அந்த ஊராரே அதை முடிவாகச் சொல்ல முடியாமல் பேசிக்கொண்டிருந்தார்கள் என்றேன். உம்மா சிரித்துவிட்டுச் சற்று நேரத்தில் என் தோளில் சாய்ந்து உறங்கிவிட்டார். காலையில் சுபஹுக்கு எழுந்து வீட்டு வேலையெல்லாம் முடித்து, எனக்காக நான்கு மணித்தியாலம் வாங்கில் இருந்துவிட்டு வரும் களைப்பு அது.

குரூபன்மானின் பாலம் தூணில் தங்கியதா இல்லையா என்று யாரும் பேசிக்கொள்ளட்டும். நான் தங்கித்தான் நிற்கிறேன். இன்ஷா அல்லாஹ், ஒருநாள் தூண் இல்லாமலும் ஓர் ஆற்றைத் தாண்டுவேன். அப்போதும் முதல் பாலத்தின் நடுவில் நின்ற தூணை மறக்க மாட்டேன்.